பூனையின் பேதியும் தப்பான பெயரும்: ஒரு மலப் பரிசோதனையின் வரலாறு

வரலாறு என்றால் ராஜா, போர், கோட்டை என்றுதான் நமது பாடப்புத்தகங்கள் பழக்கி வைத்திருக்கின்றன. இந்தக் கட்டுரையில் அவை எதுவும் கிடையாது. இது பூனையின் மலத்தைப் பற்றியது. முகம் சுளிக்காமல் படியுங்கள் நண்பர்களே. மருத்துவர்கள் பல ஆண்டுகள் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு கிருமி, தப்பான பெயரில் ஒளிந்துகொண்டிருந்த கதை இதில் இருக்கிறது.

பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். குட்டிக்குப் பேதி வந்தால் முதலில் உணவை மாற்றிப் பார்ப்போம், பிறகு பூச்சி மருந்து கொடுப்போம். அதற்கும் நிற்கவில்லை என்றால் கால்நடை மருத்துவர், "கொஞ்சம் மோஷன் எடுத்துட்டு வாங்க, டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்" என்பார். மறுநாள் முடிவு வரும், 'ஒன்றும் இல்லை' என்று. ஆனால் பேதி மட்டும் நிற்காது. இந்த 'ஒன்றும் இல்லை' என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? அதைப் புரிந்துகொள்ள முந்நூறு வருடங்களுக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

துணி வியாபாரியின் வயிற்றுவலி

மலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து எழுதி வைத்தவர்களில் முன்னோடி, ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்தைச் சேர்ந்த ஆண்டனி வான் லேவன்ஹூக். துணி வியாபாரி. தானே லென்ஸ் தேய்த்துச் சின்னச் சின்ன நுண்ணோக்கிகளைச் செய்துகொண்டவர். 1681இல் அவருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. வேறு யாராக இருந்தாலும் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்திருப்பார்கள். இவர் தன் மலத்தையே எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தார். அதில் குட்டி உயிர்கள் நகர்வதைப் பார்த்து, லண்டனிலிருந்த ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார்.

அவர் பார்த்தது ஜியார்டியா என்ற ஒற்றைச்செல் உயிராக இருக்க வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டில் எடுத்துச் சொன்னவர் கிளிஃபோர்ட் டோபெல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. பூனைகளோடு இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1917இல் ஹென்றி டேல் என்பவரோடு சேர்ந்து, மனிதர்களுக்கு வரும் அமீபா சீதபேதியைப் பூனைக்குட்டிகளுக்கு உண்டாக்கி, அதற்கு எமெட்டின் மருந்து கேட்கிறதா என்று சோதித்தார். அந்தக் காலத்தில் பூனையின் மலத்தை ஆய்வகத்தில் பார்த்தார்கள் என்றால் பெரும்பாலும் அது மனிதனுக்காகத்தான். பூனையின் வயிறு பூனைக்காகவே பார்க்கப்பட இன்னும் காலம் பிடித்தது.

நடுவில் பாரிஸில் கஸிமிர் டாவேன் என்ற மருத்துவர். 1854இல் காலரா நோயாளிகளின் மலத்தில் வால் போன்ற இழைகளை ஆட்டிக்கொண்டு நீந்தும் ஓர் உயிரைக் கண்டார். இன்று அதன் பெயர் பென்டாட்ரைக்கோமோனாஸ் ஹோமினிஸ். பெரிதாகத் தொல்லை தராத குடல்வாசி என்று பின்னால் முடிவு கட்டினார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் தப்பாக மாட்டிக்கொள்ளப் போகிறவர் இவர்தான்.

முட்டை மிதக்கிறதா பார்

ஒரு துளி மலத்தை உப்புக்கரைசலில் கலந்து, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பது எளிதான வேலை. ஆனால் அந்த ஒரு துளியில் கிருமியோ புழு முட்டையோ இருந்தே ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்? வைக்கோற்போரில் ஊசி தேடுவது மாதிரிதான். அதனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முட்டைகளை ஒரே இடத்தில் திரட்ட வழி தேடினார்கள்.

அந்த வழி நம்மூர் விவசாயிகளுக்குப் புதிதல்ல. விதைநெல்லில் பதரைப் பிரிக்க, தண்ணீரில் கோழிமுட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து அதில் நெல்லைக் கொட்டுவார்கள். நல்ல மணி அடியில் தங்கும், பதர் மேலே மிதக்கும். ஆய்வகத்தில் நடப்பதும் இதுவே. அடர்த்தியான கரைசலில் மலத்தைக் கலக்கினால் கசடு கீழே போகும், கனம் குறைந்த புழு முட்டைகள் மேலே வரும். மேலே வைத்த கண்ணாடி வில்லையில் அவை ஒட்டிக்கொள்ளும். அதை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியதுதான்.

1921இல் வில்லிஸ் என்பவர் கொக்கிப்புழு முட்டைகளைத் தேடச் சாதாரண உப்புக் கரைசல் முறையை வெளியிட்டார். 1923இல் ஷீதர் சர்க்கரைக் கரைசலைப் பயன்படுத்தினார். 1938இல் அமெரிக்காவில் ஃபாஸ்ட் குழுவினர் துத்தநாக சல்ஃபேட் கரைசலைக் கொண்டுவந்தார்கள். முந்தைய உப்புக் கரைசலில் ஜியார்டியாவின் உறைகள் சுருங்கிச் சிதைந்துவிடும், புதிய கரைசலில் அவ்வளவாகச் சிதையவில்லை. இன்றும் கால்நடை மருத்துவமனைகளில் மலப் பரிசோதனை என்றால் பெரும்பாலும் இந்த மிதவை முறைதான். நூறு வருடப் பழசு என்றாலும் பூனைகளின் உருண்டைப்புழு, கொக்கிப்புழு, காக்சிடியா இவற்றுக்கெல்லாம் நல்ல முறை.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. மிதக்கிற மாதிரி முட்டையோ உறையோ இருந்தால்தான் அது மிதக்கும். அப்படி எதுவுமே இல்லாத கிருமியை இந்தச் சோதனை எத்தனை முறை செய்தாலும் காட்டாது. இது பின்னால் முக்கியமாகிறது.

முதல் குழப்பம்: புழு முட்டை மேல் விழுந்த பழி

1960களில் நடந்த ஒரு குழப்பத்தை இங்கே சொல்ல வேண்டும். பூனையின் மலத்தில் கண்ணுக்குத் தெரிந்ததே குற்றவாளி என்று நினைத்துவிடுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

டாக்சோபிளாஸ்மா என்ற கிருமியை 1908லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கர்ப்பிணிகளுக்குத் தொற்றினால் வயிற்றிலுள்ள குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடியது. ஆனால் அது எப்படிப் பரவுகிறது என்பது முழுதாகத் தெரியவில்லை. வேகாத இறைச்சி மூலம் பரவும் என்றால், இறைச்சியே தொடாதவர்களுக்கும் ஆடுமாடுகளுக்கும் எப்படி வந்தது?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஹட்சிசன் ஒரு பூனைக்கு இந்தக் கிருமியைக் கொடுத்து அதன் மலத்தைச் சேகரித்தார். மிதவை முறையில் பிரித்து, தண்ணீரில் ஒரு வருடம் வைத்திருந்து, எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்குத் தொற்று வந்தது. 1965இல் இதை வெளியிட்டார். ஒரு வருடம் தண்ணீரில் கிடந்தும் சாகாத அது என்ன? மலத்தில் பளிச்சென்று தெரிந்தவை பூனையின் உருண்டைப்புழு முட்டைகள். எனவே, கிருமி அந்த முட்டைக்குள் ஏறிப் பயணம் செய்கிறது என்று அவர் கருதினார். அன்றைக்கு நியாயமான ஊகம்தான்.

அமெரிக்காவின் கான்சாஸில் ஃப்ரெங்கல், துபே, மில்லர் மூவரும் 1969இல் தொற்றுப் பொருளைப் புழு முட்டைகளிலிருந்து தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். (துபே நம் நாட்டில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வெளிநாடு போனவர்.) 1970 வாக்கில் இவர்களும், ஹட்சிசன் உட்பட ஐரோப்பிய ஆய்வாளர்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உண்மையைக் கண்டார்கள். டாக்சோபிளாஸ்மாவுக்குச் சொந்தமாகவே ஒரு முட்டைப்பருவம் இருந்தது. புழு முட்டையின் குறுக்களவில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது, ஆனால் பெரிய முட்டை கவனத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்தக் கண்டுபிடிப்பால் ஒரு நடைமுறைப் பலனும் கிடைத்தது. மலத்தோடு வெளியேறிய உடனே அந்த முட்டைக்குத் தொற்றும் சக்தி கிடையாது, குறைந்தது ஒரு நாளாவது வேண்டும். அதனால்தான் பூனையின் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள், கர்ப்பிணிகள் அந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பூனையையே விரட்ட வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது குழப்பம்: வட கரோலினாவின் பூனைக்குட்டிகள்

இனி நம் முக்கியக் கதைக்கு வருவோம். 1990களின் பிற்பகுதி, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவக் கல்லூரி. நிற்காத பேதியோடு பூனைகள் வந்தன. பெரும்பாலும் ஒரு வயதுகூட ஆகாதவை. நன்றாகச் சாப்பிடும், விளையாடும். ஆனால் மலம் மட்டும் கூழாக, கடும் நாற்றத்தோடு, சில சமயம் சளியும் ரத்தமும் கலந்து வரும். ஆசனவாய் சிவந்து வீங்கிவிடும். சில குட்டிகளுக்கு அடக்கவே முடியாமல் நடக்கும்போதே ஒழுகும். வீட்டுக்குள் பூனை வளர்க்கும் குடும்பத்துக்கு இது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். மாதக்கணக்கில்!

மிதவைச் சோதனையில் ஒன்றும் வராது. புதிதாக எடுத்த மலத்தை நேரடியாக நுண்ணோக்கியில் பார்த்தால் சில சமயம் ஏதோ துடிதுடிப்பாக நீந்தும். 'ஆ, ஜியார்டியா' என்று மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. நம்மூர் மருந்துக்கடையில் ஃபிளாஜில், மெட்ரோஜில் என்று விற்பதுதான் அது. மருந்து கொடுக்கும்போது பேதி கொஞ்சம் குறையும். நிறுத்தியதும் திரும்பிவிடும். திரும்பவும் மருந்து, திரும்பவும் பேதி.

ஜியார்டியா நீந்துவது மரத்திலிருந்து இலை உதிர்வது போல மெதுவாகப் புரண்டு புரண்டு இருக்கும். உடலில் குழிவான ஓர் ஒட்டுத்தட்டு உண்டு. இங்கே பார்த்த உயிரோ வேகமாக, திக்குத்திசை இல்லாமல் துள்ளிக்கொண்டு ஓடியது. பக்கவாட்டில் ஒரு மெல்லிய சவ்வு அலையலையாக ஆடியது. இது ட்ரைக்கோமோனாட் வகை. ஜோடி குக்கின் என்ற மருத்துவரும் சக ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட 32 பூனைகளைப் பற்றி 1999இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

சரி, ஜியார்டியா இல்லை. அப்படியானால் எந்த ட்ரைக்கோமோனாட்? பூனை மலத்தில் இந்த வகை உயிர்களை 1920களிலேயே பார்த்திருக்கிறார்கள். அது டாவேன் கண்ட பென்டாட்ரைக்கோமோனாஸ் ஹோமினிஸ்தான் என்பது பொதுவான எண்ணம். அது சாதுவான குடல்வாசி. பேதி இருப்பதால் பெருகியிருக்கிறதே தவிர, பேதிக்குக் காரணம் அது இல்லை என்று நினைத்துவிடலாம். நண்பர்களே, பிரச்சினையே இங்கேதான். கிருமியைப் பார்த்தாகிவிட்டது. பெயரும் வைத்தாகிவிட்டது. அந்தப் பெயரே, 'இவன் நல்லவன், வேறு ஆளைத் தேடு' என்று சொல்லிவிட்டது.

வட கரோலினா குழு அந்தப் பெயரை நம்பிவிடவில்லை. கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, மரபணு வரிசையையும் படித்தார்கள். பென்டா என்றால் ஐந்து, அதற்கு முன்பக்கம் ஐந்து இழைகள் இருக்க வேண்டும். இங்கே இருந்தவை மூன்று. துள்ளி ஓடும் உயிரில் சாதாரண நுண்ணோக்கி வழியே இந்த இழைகளை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? மரபணுவும் அதையே சொன்னது. இது ட்ரைட்ரைக்கோமோனாஸ் ஃபீட்டஸ்.

இந்தப் பெயர் கால்நடை மருத்துவர்களுக்குப் புதிதல்ல, அதுதான் ஆச்சரியம். 1928இல் ரீட்முல்லர் பெயர் சூட்டிய கிருமி இது. மாடுகளில் இனச்சேர்க்கை மூலம் பரவி, சினை கலைய வைப்பது. மாட்டின் இனப்பெருக்க உறுப்பில் இருக்க வேண்டியது பூனையின் பெருங்குடலில் என்ன செய்கிறது? நோயுள்ள குட்டியிடமிருந்து வளர்த்த கிருமியை ஆரோக்கியமான பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கும் பேதி வந்தது, ஆய்வு முடியும் வரை கிருமியும் போகவில்லை. 2001இல் இது வெளியானது. 2003இல் வந்த கட்டுரையின் தலைப்பே, பூனைப் பேதிக்குக் காரணம் இதுதான், பென்டாட்ரைக்கோமோனாஸ் அல்ல என்று நேரடியாக அறிவித்தது.

சரியான பெயர் தெரிந்ததால் என்ன லாபம்?

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இங்கே எல்லாமே பெயரில்தான் இருந்தது.

முதலாவது, சோதனை மாறியது. இந்தக் கிருமிக்கு ஜியார்டியாவைப் போல உறைப்பருவம் கிடையாது. எனவே மிதவைச் சோதனையில் வராது. குளிர் தாங்காது, ஃபிரிட்ஜில் வைத்துக் கொண்டுபோன மலத்தில் செத்துப்போயிருக்கும். பேதி மலம் புதிதாக, காயாமல் இருக்க வேண்டும். ஆனால் மாட்டுக் கிருமி என்று தெரிந்துவிட்டதால், மாட்டுக்காக ஏற்கெனவே விற்பனையில் இருந்த ஒரு வளர்ப்புப் பை கைக்குக் கிடைத்தது. இன்பவுச் என்று பெயர். சின்னப் பிளாஸ்டிக் பைக்குள் ஊட்டக் கரைசல் இருக்கும். மிளகளவு மலத்தை உள்ளே போட்டு மூடி, சில நாட்கள் வைத்திருந்து பையோடு அப்படியே நுண்ணோக்கியில் பார்க்கலாம். இதில் ஜியார்டியாவும் பென்டாட்ரைக்கோமோனாஸும் ஒரு நாளுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. ஆகவே, நாள் கடந்தும் உள்ளே நீந்துவது யார் என்ற சந்தேகம் வராது.

அடுத்து பி.சி.ஆர். சோதனை. கொரோனாவுக்குப் பிறகு இந்தப் பெயர் தெரியாதவர் யாரும் இருக்க முடியாது. மலத்தில் இந்தக் கிருமியின் மரபணுத் துண்டு இருக்கிறதா என்று தேடிப் பெருக்கிக் காட்டும் முறையை அதே குழு 2002இல் வெளியிட்டது.

மூன்று முறைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை 2004இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பூனைக் கண்காட்சிக்கு வந்த 117 பூனைகளைச் சோதித்ததில் 36 பூனைகளிடம் இந்தக் கிருமி இருந்தது. அந்த 36இல் நேரடி நுண்ணோக்கிச் சோதனையில் மாட்டியவை 5 மட்டுமே. வளர்ப்புப் பையில் 20. பி.சி.ஆரில் 34. இன்னொரு தடவை அந்த முதல் எண்ணைப் பாருங்கள். கிருமி உள்ள 36 பூனைகளில் 31 பூனைகளுக்கு, நுண்ணோக்கியை மட்டும் நம்பியிருந்தால், 'ஒன்றும் இல்லை' என்று முடிவு போயிருக்கும்.

இரண்டாவது, மருந்து மாறியது. மெட்ரோனிடசோல் ஏன் கேட்கவில்லை என்பது புரிந்தது. புறா வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் ரோனிடசோல் என்ற மருந்து இந்தக் கிருமியைக் கொல்வதாக 2006இல் அதே குழு வெளியிட்டது. ஆனால் இது விளையாட்டு மருந்தல்ல. அளவு மீறினால் நரம்பைப் பாதித்து, பூனை தள்ளாடும், வலிப்பும் வரலாம். கிருமி உறுதியான பிறகு, மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே கொடுக்க வேண்டியது. இங்கே சோதனையின் மதிப்பு இன்னும் கூடுகிறது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று கொடுக்கக்கூடிய மருந்து இல்லை இது.

மூன்றாவது, பொறுமைக்கு ஒரு கணக்குக் கிடைத்தது. 2004இல் 26 பூனைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், 23 பூனைகளுக்கு இரண்டு வருடத்துக்குள் பேதி தானாகவே நின்றுவிட்டது. பாதிப் பூனைகளுக்குச் சுமார் ஒன்பது மாதத்திலேயே நின்றது. கிருமி பல பூனைகளின் உடலில் ஒளிந்தபடி தொடர்ந்தது என்பது வேறு விஷயம். ஆனாலும் 'இது தீராத வியாதி' என்று மனம் உடைந்துபோன ஒரு வீட்டுக்கு இந்தச் செய்தி எவ்வளவு பெரியது!

பெயர்ச் சண்டை முடியவில்லை

கதை இதோடு முடிந்ததா என்றால் இல்லை. மாட்டிலிருப்பதும் பூனையிலிருப்பதும் அச்சு அசலாக ஒன்றுதானா என்று கேள்வி எழுந்தது. மரபணுவில் சின்ன வேறுபாடுகள் தெரிந்தன. 2013இல் ஓர் ஆய்வுக் குழு, பூனையில் இருப்பது தனி இனம், அதற்கு ட்ரைட்ரைக்கோமோனாஸ் பிளாக்பர்னி என்று பெயர் வைக்கலாம் என்று முன்மொழிந்தது. சிலர் ஏற்றுக்கொண்டார்கள், பலர் பழைய பெயரையே எழுதுகிறார்கள். இரண்டு பெயரும் புழக்கத்தில் இருப்பதால், இணையத்தில் தேடுகிறவர்கள் இரண்டையும் தேடிப் பார்ப்பது நல்லது.

பி.சி.ஆரும் கடைசி வார்த்தை இல்லை. மரபணு இருக்கிறது என்றால் கிருமி இருக்கிறது என்று பொருள். அதுதான் இந்தப் பேதிக்குக் காரணமா என்பது தனிக் கேள்வி. பேதியே இல்லாமல் கிருமியைச் சுமக்கும் பூனைகளும் உண்டு. அதனால் நல்ல மருத்துவர் எந்தச் சோதனை முடிவையும் பூனையின் வயது, உணவு, மலத்தின் தன்மை, வீட்டிலுள்ள மற்றப் பூனைகள் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

கடைசியாக

மலப் பரிசோதனை என்பது ஒரே சோதனை அல்ல. மிதவை முறை 'முட்டையோ உறையோ இருக்கிறதா' என்று கேட்கிறது. நேரடி நுண்ணோக்கி 'இந்தத் துளியில், இந்த நிமிடம், உயிரோடு ஏதாவது நீந்துகிறதா' என்று கேட்கிறது. பி.சி.ஆர். 'நீங்கள் சொன்ன அந்த ஒரு கிருமி இருக்கிறதா' என்று கேட்கிறது. கேட்காத கேள்விக்கு எந்தச் சோதனையும் பதில் சொல்லாது. 'ஒன்றும் இல்லை' என்றால், தேடியது கிடைக்கவில்லை என்று மட்டும்தான் பொருள்.

எனவே உங்கள் வீட்டுப் பூனைக்குட்டிக்கு வாரக்கணக்கில் பேதி நிற்காமல், சோதனை முடிவு மட்டும் சுத்தமாக வந்தால், மருத்துவரிடம் மூன்று விஷயங்களைப் பணிவாகக் கேளுங்கள். எந்த முறையில் பார்த்தீர்கள்? அந்த முறையில் எதெல்லாம் தெரியாது? அடுத்த மாதிரியை எவ்வளவு புதிதாக, எப்படிக் கொண்டுவர வேண்டும்? வட கரோலினாவில் இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு பூனைகளுக்கு விடிவு வந்தது, ஏற்கெனவே பதில் இருப்பதாக எல்லோரும் நினைத்த இடத்தில் இன்னொரு கேள்வி கேட்டதால்தான்.